பதின்மூன்று தப்படி

சென்னையிலிருந்து சேசுராஜ் தோளில் சுமந்துவந்த நீளமான அட்டைப்பெட்டியைப் பார்த்து அவனுடைய அப்பா அருளானந்தம், "இன்னாடா அது?" என்று கேட்டார்.

"அயர்ன் நைனா. புது அயர்ன்."

"ஊட்லதான் ஒண்ணு இருக்குதே. ஒரு அயர்ன் பொட்டிக்கு இம்மாம் நீட்டு டப்பாவா?"

அடுப்படியில் நின்றிருந்த சேசுராஜின் மனைவி ஜெயராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேசுராஜும் சிரித்தான். கிழவருக்கு விஷயம் புரியாவிட்டாலும் இரண்டு பேரும் சிரிக்கிறார்களே என்று அவரும் சிரித்தார். ஒன்றரை வருடத்தில் அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

பெட்டிக்குள் கோல்ஃப் மட்டைகள் இருந்தன. நான்காம் நம்பரிலிருந்து ஒன்பது வரைக்கும் ஆறு மட்டைகள், குட்டையாக இன்னும் ஒன்று. இரும்புத் தலை வைத்த மட்டைகளுக்கு அந்த ஆட்டத்தில் அயர்ன் என்றுதான் பெயர். ஜெயராணி ஒன்றை எடுத்துப் பார்த்தாள். அவன் பழைய மட்டைகளைவிடத் தலை சின்னதாக, கத்தி மாதிரி மெலிந்திருந்தது.

"இது கைதேர்ந்தவங்களுக்குன்னே செஞ்சது" என்றான் சேசுராஜ். "நடுவுல பட்டா வெண்ணெய வெட்டுன மாதிரி இருக்கும். கையில பட்டதே தெரியாது. ஒரு நூல் தள்ளிப் பட்டுச்சுன்னு வெச்சிக்கோ, முழங்கை வரைக்கும் சுரீர்னு ஏறும். பாலும் பாதியில விழுந்துடும். தப்ப மறைக்கவே மறைக்காது."

"அப்புறம் எதுக்கு அத வாங்குனீங்க?"

அவன் மட்டையின் தலையைப் பனியனில் துடைத்தான்.

பதில் ஜெயராணிக்குத் தெரியாததல்ல. பதினாலு வயசில் சித்தப்பாவோடு சென்னைக்குப் போய், கோல்ஃப் மைதானத்தில் பெரிய மனிதர்களின் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தவன் சேசுராஜ். அவர்கள் அடிப்பதைப் பார்த்துப் பார்த்தே ஆட்டம் கற்றான். இருபத்தாறு வயசில் தொழில்முறை ஆட்டக்காரன் ஆனான். ஒரு போட்டியில் இரண்டாவதாக வந்து பேப்பரில் படம் வந்தது. அந்தப் படத்தைக் காட்டித்தான் ஜெயராணி வீட்டில் பெண் கேட்டார்கள். அவள் செஞ்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால், வளத்தி ரோட்டில் யாரோ காயப்போட்டிருந்த உளுந்துச் செடியில் பைக் சறுக்கியது. இடது மணிக்கட்டு முறிந்து உள்ளே பிளேட் வைத்தார்கள். ஒரு வருடம் மட்டையைத் தொடவில்லை. ஆடாததால் போட்டிகளில் ஆடும் தகுதியும் போயிற்று. ஜூன் மாதம் நடக்கும் தகுதிப் போட்டியில் ஆடி அதைத் திரும்ப வாங்க வேண்டும். முப்பத்தெட்டு வயசு. இதை விட்டால் வேறு வழியில்லை என்று அவனுக்கும் தெரியும்.

மட்டையைக் கொடுத்தவன் பார்த்திபன். சேசுராஜோடு பை தூக்கியவன், இப்போது மட்டைக் கடையில் ஆளுக்கு ஏற்ற மாதிரி அளவு பார்த்துக் கொடுக்கும் வேலையில் இருந்தான். மெஷின் முன்னால் சேசுராஜை அடிக்கவிட்டுப் பார்த்துவிட்டு அவன் சொன்னானாம், "அண்ணே, உங்க கையில வேகம் கொறஞ்சிருக்குது. ஏழாம் நம்பர் நூத்தி நாப்பத்தெட்டு யார்டுதான் போவுது. பின்னாடி குழி விட்ட மட்டை ஒண்ணு இருக்குது. அது தப்பா பட்டாலும் தூக்கி விடும், பத்து யார்டு கூடவும் போவும். அத எடுத்துக்கங்க." சேசுராஜுக்கு அது, கைத்தடி வாங்கிக்கொள் என்று சொன்ன மாதிரி இருந்தது. "ஒரு மாசம் குடு. ஏழாம் நம்பர்ல நூத்தி அறுபது போவலைன்னா திருப்பித் தந்துட்றேன், நீ சொன்னதையே எடுத்துக்குறேன்" என்று வாங்கிவந்துவிட்டான்.

மே மாதம். ஏரி வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கரையோரம் ஒரு இடத்தைத் தேர்ந்து, பார்த்திபனிடம் இரவல் வாங்கிய லேசர் கருவியால் நூற்று அறுபது யார்டை அளந்து, அங்கே ஒரு கழி நட்டுச் சிவப்புத் துணி கட்டினார்கள். கருவியை மறுநாளே பஸ்ஸில் அனுப்பிவிட்டான்.

காலையில் ஆறரை மணிக்கெல்லாம் அடிக்க ஆரம்பிப்பான். ஜெயராணி டூட்டிக்குப் போகும்வரை துணிக்குப் பக்கத்தில் குடையும் சிமெண்ட் பையுமாக நிற்பாள். பந்துகளைப் பொறுக்குவதும், எங்கே விழுந்தது என்று எண்ணிப் போனில் சொல்வதும் அவள் வேலை. ஒரு தப்படி ஒரு யார்டு என்று கணக்கு.

"எவ்ளோ?"

"பன்னெண்டு தப்படி கொறையுது."

"இது?"

"பதினாலு இருக்கும்."

முதல் வாரம் முழுக்க இப்படித்தான். அவள் ஒளிக்காமல் சொன்னாள். அவன் ஒவ்வொரு தடவையும் "ம்" என்பான். வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் மணிக்கட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். தட்டில் போட்ட இட்லி அப்படியே இருக்கும். எட்டாம் நாள் போனில் அவன் குரல் வேறு மாதிரி வந்தது. "இன்னும் ரெண்டு நாள் பாக்குறேன் ஜெயா. இல்லன்னா விட்டுட்றேன்."

"மட்டையவா?"

"எல்லாத்தையுந்தான்."

ஆஸ்பத்திரியில் ஜெயராணி தினமும் எத்தனையோ பேரிடம் சொல்வாள். "நேத்திக்கு இன்னிக்கு பரவால்லயே, முகம் தெளிஞ்சிருக்குதே." சொன்னதும் அவர்கள் கஞ்சி குடிப்பார்கள், எழுந்து நாலடி நடப்பார்கள். சில பேர் நிஜமாகவே தேறிவிடுவார்கள். ஒரு சொல்லுக்கு அவ்வளவு பலம் உண்டு என்பதை அவள் கண்ணால் கண்டவள்.

ஒன்பதாம் நாள் அவனுக்கு முன்னால் ஏரிக்குப் போனாள். கழியைப் பிடுங்கி, அவன் நின்று அடிக்கும் பக்கமாக மூன்று தப்படி முன்னால் கொண்டுவந்து நட்டாள். பழைய குழியைக் காலால் மூடினாள்.

"எவ்ளோ?"

"ஒம்போது."

"நெசமாவா?" என்றான்.

"ஒம்போதுதாங்க. கொறையுது, ஆனா ஒம்போதுதான்."

அன்றைக்கு ஐந்து இட்லி சாப்பிட்டான். அப்பாவோடு உட்கார்ந்து டிவி பார்த்தான். அவள் டூட்டி முடிந்து வரும்போது பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றான், கையில் ஒரு முழம் மல்லிப்பூவோடு.

அதற்கப்புறம் நான்கு நாளைக்கு ஒருதரம் கழி நகர்ந்தது. இரண்டு தப்படி, மூன்று தப்படி. தைரியம் வந்தால் கையில் வேகம் வரும், வேகம் வந்ததும் கழியைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய்விடலாம் என்பது அவள் கணக்கு. ஒரு தடவை அப்படிச் செய்தும் பார்த்தாள். இரண்டு தப்படி பின்னால் தள்ளி நட்டாள். பந்துகள் குறைந்து விழுந்தன. "இன்னாச்சு இன்னிக்கு?" என்று கேட்ட அவன் குரலைத் தாங்க முடியாமல் மறுநாளே முன்னால் கொண்டுவந்துவிட்டாள். அவன் நின்று அடிக்கும் இடத்திலிருந்து பார்த்தால் சாம்பல் நிற ஏரியில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் தெரியும். அது எங்கே நிற்கிறது என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

மாதம் முடிகிற அன்று பந்துகள் துணியைத் தாண்டி விழுந்தன. அதை அவள் போனில் படம் எடுத்தாள். அவன் பார்த்திபனுக்கு அனுப்பினான். "கலக்கிட்டீங்கண்ணே. அப்போ இதையே வெச்சிக்குங்க" என்று பார்த்திபன் சொன்னான். பழைய மட்டைகளை வேறொருவனுக்குக் கொடுத்தாயிற்று. சேசுராஜ் ஒரு நோட்டில் எழுதினான். ஏழு என்றால் நூற்று அறுபது, ஆறு என்றால் நூற்று எழுபது, ஐந்து என்றால் நூற்று எண்பது; நம்பர் குறையக் குறையத் தூரம் கூடும். எல்லாக் கணக்கும் அந்த ஏழிலிருந்துதான் கிளம்பியது.

கழி அப்போது பதின்மூன்று தப்படி நகர்ந்திருந்தது.

சொல்லிவிட வேண்டும் என்று அவள் நினைக்காமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலிலிருந்து வரும்போது வாயெடுத்தாள். "இன்னாங்க" என்று ஆரம்பித்ததுமே அவன் திரும்பி, "ஜெயா, போட்டிக்கு வேற ஆள் வேணாம். நீயே பை தூக்கு. நீதானே இந்த ஒரு மாசமும் நின்ன" என்றான். அவள் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் லீவு சொன்னாள்.

கடலோரம் இருந்த அந்த மைதானத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே போனார்கள், ஒரு சுற்று ஆடிப் பார்க்கலாம் என்று. அன்று மதியம் பிடித்த மழை விடவே இல்லை. யாரையும் உள்ளே விடவில்லை. பயிற்சி அடிக்கும் இடத்திலும் தண்ணீர். மூன்று நாள் ஆட்டம், அறுபது பேர், முதல் பதினைந்து பேருக்குத் தகுதி. சேசுராஜ் மழையைப் பார்த்துக்கொண்டு, "போவட்டும். அளவுதான் நம்ம கையில இருக்குதே" என்றான்.

முதல் குழியில் கொடிக்கு நூற்று ஐம்பத்தெட்டு யார்டு. "ஏழு" என்று கையை நீட்டினான்.

"ஆறு எடுங்களேன்" என்றாள் ஜெயராணி.

அவன் சிரித்தான். "பயப்படாத. ஏழே போதும்."

அடித்தான். மெத்தென்று ஒரு சத்தம். ஏரியில் ஆயிரம் தடவை கேட்ட சத்தம். நடுவில் பட்டால் மட்டும் வருவது. பந்து நேராகக் கொடியைப் பார்த்துத்தான் போனது. போய், பத்து யார்டு முன்னால் இருந்த மணற்குழியில் விழுந்தது.

அவன் நம்பாமல் மட்டையைப் பார்த்தான். "மழைக் காத்து. கனமா இருக்குது" என்றான்.

மூன்றாவதிலும் அப்படியே. நான்காவதிலும். ஒவ்வொரு தடவையும் அவள் ஒரு நம்பர் குறைவான மட்டையை எடுத்து நீட்டுவாள். அவன் அதை மெல்லத் தள்ளிவிட்டு உருவ வேண்டியதை உருவுவான். பந்து நேராகப் போகும், குறைந்து விழும். ஆறாவது குழியில் அவன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, "எங்க தப்பு பண்றேன்னு தெரியல ஜெயா. கையில நல்லாத்தான் இருக்குது. பட்டதே தெரியல. அப்புறம் ஏன் கொறையுது?" என்று கேட்டான். அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குறைந்த அடியில் முடிப்பவன் ஜெயிக்கும் ஆட்டத்தில், எட்டுக் குழி முடியும்போதே ஆறு அடி கூடுதலாகிவிட்டது.

ஒன்பதாவது குழிக்குக் குளத்தைத் தாண்டி அடிக்க வேண்டும். கொடிக்கு நூற்று அறுபத்திரண்டு, தண்ணீரைத் தாண்டவே நூற்று ஐம்பது. கூட ஆடிய ராஜாராம் என்பவர் அடித்துவிட்டு ஒதுங்கி நின்றார். சேசுராஜ் கையை நீட்டினான்.

"ஏழு."

ஜெயராணி மட்டையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"இன்னா?"

"ஏழு தண்ணியில விழும்" என்றாள். "துணிய நான் நகத்திட்டேங்க."

"எந்தத் துணிய?"

"ஏரியில. நீங்க விட்டுட்றேன்னு சொன்னீங்க இல்ல, அதுக்கு மறுநாளு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா."

அவன் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. தெரியாத ஊரில் வழி கேட்பவனைப் போல அவளைப் பார்த்தான்.

"எவ்ளோ?"

"பதிமூணு தப்படி."

அவன் உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறான் என்று தெரிந்தது. பின்னால் ராஜாராம் தொண்டையைச் செருமினார். சேசுராஜ் அவள் கையிலிருந்த பையைத் தன் பக்கம் இழுத்து ஐந்தாம் நம்பரைத் தானே உருவினான். நின்றான். அடித்தான். அதே மெத்தென்ற சத்தம். பந்து குளத்தைத் தாண்டி, கொடிக்கு நாலு முழம் தள்ளி இறங்கி நின்றது.

"அருமையான அடி" என்றார் ராஜாராம்.

சேசுராஜ் தலையை மட்டும் அசைத்தான்.

அதற்கப்புறம் அவன் ஆடிய ஆட்டத்தைப் பற்றி அந்த மைதானத்தில் இருந்தவர்கள் வெகுநாள் பேசியிருப்பார்கள். தூரம் குறைந்த கையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழிக்கும் ஒரு நம்பர் குறைவான மட்டையை எடுத்து, பந்தைக் கொண்டுபோய் நினைத்த இடத்தில் வைத்தான். அந்த மெல்லிசு இரும்பு அவன் சொன்னதைக் கேட்டது. இரண்டாம் நாள் அறுபது பேரில் அவனைவிடக் குறைவாக அடித்தவர்கள் மூன்றே பேர்.

ஜெயராணி பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள். பத்தாவது குழியில், தரையில் பதித்திருந்த தூரக் கல்லிலிருந்து எண்ணிப் பார்த்து, "நூத்தி முப்பத்தெட்டு" என்று சொன்னாள். அவன் அந்தக் கல் வரைக்கும் திரும்பி நடந்துபோய், அங்கிருந்து தானே தப்படி வைத்து எண்ணிக்கொண்டு வந்தான். நூற்று முப்பத்தெட்டுதான் இருந்தது. பதினொன்றாவதிலும் எண்ணினான். அதற்குமேல் அவள் தூரம் சொல்வதை நிறுத்திவிட்டாள். மட்டையைத் துடைத்துக் கொடுப்பதும் வாங்கி வைப்பதுமாக மூன்று நாளும் போயிற்று.

கடைசி நாள் சாயங்காலம் பலகையில் பெயர்களை ஒட்டினார்கள். சேசுராஜ் பதினெட்டாவது. பதினைந்தாவதாக வந்தவனுக்கும் அவனுக்கும் இரண்டே அடி வித்தியாசம்.

அவன் பலகைக்கு முன்னால் நின்றான். ஜெயராணி அந்த எட்டுக் குழிகளை நினைத்தாள். அவனும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று அவன் முதுகைப் பார்த்தே தெரிந்தது.

திண்டிவனத்தில் இறங்கினார்கள். அங்கே செஞ்சி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அவள்தான் சொன்னாள். "ரெண்டு அடி அடிச்சிடுங்க என்னை. ஏதாவது சொல்லுங்க."

"இன்னா சொல்ல?"

"நீங்க சாப்பிடாம உக்காந்திருந்தீங்க. உங்களுக்குத் தைரியம் வரணும்னுதான்."

"தெரியுது" என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். பஸ் வரும் வழியைப் பார்த்தபடியே, "தூரம் கொறஞ்சா கொறஞ்சதுதான் ஜெயா. ஊர்ல எத்தினி பேருக்குக் கொறையுது. தெரிஞ்சிருந்தா மொத குழியிலயே ஆறாம் நம்பர எடுத்திருப்பேன். அவ்ளோதான விஷயம்" என்றான். பஸ் வந்ததும் பையைத் தானே தூக்கிக்கொண்டு ஏறினான்.

அவள் அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். அவனுக்குத் தைரியம்தான் தேவை என்று நினைத்திருந்தாள். அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு எண். உள்ளதை உள்ளபடி சொல்ல ஒரு ஆள். அந்த ஆள் அவள்தான் என்று நம்பித்தான் ஏரிக்கு அந்தப் பக்கம் அவளை நிறுத்தினான்.

ஆகஸ்டில் அவன் மஸ்கட்டுக்குப் போனான். அங்கே ஒரு மைதானத்தில் புதிதாக ஆட வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலை. பார்த்திபன்தான் யாரையோ பிடித்து ஏற்பாடு செய்தான். சண்டை போட்டுக்கொண்டு போனான் என்று யாரும் சொல்ல முடியாது. போகிற அன்று அப்பாவின் காலைத் தொட்டு வணங்கினான், ஜெயராணியின் நெற்றியில் சிலுவை போட்டான். வாரம் இரண்டு தடவை தவறாமல் போன் வந்தது.

ஆனால் முன்னெல்லாம் அவன் அவளிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பான். இந்தச் சட்டை நல்லா இருக்குதா, தலையில நரை தெரியுதா, நைனா நெசமாவே தூங்குறாரா. இப்போது கேட்பதில்லை. வெயில், சாப்பாடு, அறையில் கூட இருப்பவனின் குறட்டை என்று அவனே சொல்லிவிட்டு வைத்துவிடுவான்.

ஆஸ்பத்திரியில் அம்மாக்கண்ணு என்ற நோயாளி, பத்து நாளாகப் படுத்திருந்தவள், ஒரு காலை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு தேவலையாம்மா?" என்று கேட்டாள். ஜெயராணி வாயைத் திறந்தாள். வழக்கமான சொல் வரவில்லை. "சக்கர இறங்கல. இருநூத்தி எம்பது இருக்குது" என்றாள். கிழவி கையை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். ஜெயராணி அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

நவம்பரில் அருளானந்தத்துக்குத் தலை சுற்றல் வந்தது. இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. மாத்திரை மாற்றிக் கொடுத்தார்கள். ஜெயராணி வீட்டிலேயே மெஷின் வைத்துக் காலையும் மாலையும் பார்த்தாள். நான்காம் நாள் மாலை அழுத்தம் இறங்கியிருந்தது. கிழவர் மோர்ச்சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அப்போது போன் வந்தது.

"நைனாவுக்கு எப்டி இருக்குது?"

"நல்லா இருக்காரு. பிரஷர் இறங்கிடுச்சு. நூத்தி முப்பத்தாறு, எம்பத்தி நாலு."

அந்தப் பக்கம் அவன் மூச்சு விடுவது கேட்டது. சொல்லலாமா வேண்டாமா என்று அவன் தயங்குகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அவன் குரல் கடுமையாக இல்லை. வருத்தமாகத்தான் இருந்தது.

"மெஷின ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன்" என்றான்.

"சரி" என்றாள்.

மாமனாரின் கையில் பட்டையை மறுபடியும் சுற்றினாள். "இப்போதானம்மா பாத்த?" என்றார் அவர். "இன்னொரு வாட்டி மாமா" என்று பொத்தானை அழுத்தினாள். பட்டை காற்றை இழுத்துக் கையை இறுக்கி, மெல்லத் தளர்ந்தது. எண்கள் வந்து நின்றன. நூற்று முப்பத்தெட்டு, எண்பத்தைந்து. முதலில் சொன்னதற்கு இரண்டு கூடுதல்.

அவள் அதைப் படம் எடுத்தாள். எண்கள் தெளிவாகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அனுப்பினாள். கீழே, "இது இப்போ பார்த்தது. முன்னாடி பார்த்தது முப்பத்தாறு" என்று எழுதினாள். எழுதியதைத் திரும்பப் படித்தபோது கண் மறைத்தது.

அவன் பார்த்துவிட்டான் என்பதற்கான நீல அடையாளம் வந்தது. கொஞ்சம் கழித்து, "சரி" என்று பதில் வந்தது.

கிழவர் கையை நீட்டியபடியே காத்திருந்தார். ஜெயராணி போனை வைத்துவிட்டு, அவர் கையிலிருந்து பட்டையைக் கழற்றினாள்.